இரண்டாவது பூப்பொட்டலம்

பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே செவ்வரளி.

"செவப்பு!" என்றார் வேணு மாமா. பூசாரியின் விரல் இன்னும் இலையை முழுதாக விலக்கக்கூட இல்லை. மூக்குக்கண்ணாடி போட்டாலும் பஸ் போர்டு தெரியாத மனிதர் அவர். அன்றைக்கு மட்டும் மடித்த பூவரச இலைக்குள் இருந்த பூவின் நிறம் பத்தடி தூரத்திலிருந்து தெரிந்துவிட்டது. பக்தி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

கரியாலூருக்கு மேலே, ஓடைக்கரையில் எங்கள் குலசாமி கோயில். கோபுரம் கீபுரம் ஒன்றும் கிடையாது. நாலு மரத்தூண், தகரக் கூரை, எண்ணெய் ஏறிக் கறுத்த ஒரு கல். மழை தூறிக்கொண்டிருந்தது. நனைந்த துண்டின் வாடையும் கற்பூரப் புகையும் சேர்ந்து தொண்டையைக் கமறின. நைனார்பாளையத்தில் வயலும் வீடும் வைத்துக்கொண்டு, சாமியை மட்டும் இவ்வளவு உயரத்தில் வைத்த என் முன்னோர்களைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. தினமும் போய்க் கேள்வி கேட்கிற தூரத்தில் சாமி இருக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று சாமியிடம் வைத்த கேள்வி இதுதான்: கோமதி பெங்களூருக்குப் படிக்கப் போகலாமா? வெள்ளைப் பூ வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் போகக்கூடாது, வேணு மாமாவின் மகன் தாமோதரனைக் கட்டிக்கொள்ள வேண்டும். கோமதி நான்தான். என்னைத் தவிர மற்ற எல்லோரையும் கேட்டு முடித்துவிட்டார்கள். கடைசியாகச் சாமி மட்டும் பாக்கி.

சிவப்பு வந்துவிட்டது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமா கல்லின் காலடியில் கிடந்த இரண்டாவது பொட்டலத்தைச் சட்டென்று எடுத்துக்கொண்டு ஓடையைப் பார்த்து நடந்தார். பிரிக்காத பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டுவிடுவது எங்கள் வகையறா வழக்கம்.

நான் பின்னால் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

பிடித்தபடியே இருக்கட்டும். அவரை எதற்காகப் பிடித்தேன் என்பதைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

ஒரே ஒரு சீட்டு

போன வாரம் இந்தத் தொடரில் கல்லூரி விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்கள் இயற்பியல் படித்தீர்களா, சமையல் படித்தீர்களா?" என்று ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். ஐயா, இந்த வாரம் இயற்பியல்தான். தாங்கிக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வீட்டில் இருப்பது என்றால் களையெடுக்கப் போவது, மாட்டுக்குத் தண்ணி காட்டுவது, "எப்ப கல்யாணம்?" என்று கேட்பவர்களுக்கு மோர் கொடுப்பது. அப்போது பெங்களூரிலிருந்து ஓர் ஆய்வுக்கூடத்தின் கடிதம் வந்தது. ஒளியை வைத்து ஆராய்ச்சி செய்கிற இடம். மாதாமாதம் உதவித்தொகை. ஒரே ஒரு சீட்டு, அது எனக்கு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் நேரில் வந்து சேர வேண்டும், தவறினால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

கடிதம் கையில் கிடைத்தது வியாழக்கிழமை. அந்த வாரம்தான் இடஒதுக்கீட்டுப் போராட்டம். எங்கள் பக்கத்தில் ஒரு சக்கரம் ஓடவில்லை. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் சாலையில் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. தபால்காரர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மரம் மரமாகத் தாண்டி வந்து கடிதத்தைக் கொடுத்தார். அந்த மனிதர் கையால் இன்னும் கொஞ்சம் நல்ல செய்தி எங்கள் ஊருக்கு வந்திருக்கலாம்.

போராட்டத்தைக் கிண்டல் செய்கிறேன் என்று யாரும் அடுத்த கார்டை எடுக்க வேண்டாம். படிக்கச் சீட்டு இல்லை, உத்தியோகம் இல்லை என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. துப்பாக்கிச்சூட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் உண்டு. அங்கே எனக்குச் சிரிப்பு வராது.

எனக்குச் சிரிப்பு வருவது என் அண்ணன் ஏழுமலையை நினைத்து. "நம்ப புள்ளைங்களுக்கு சீட்டு வேணும்!" என்று தொண்டை கிழியக் கத்தி, கோடாலியோடு ராத்திரி பகல் பாராமல் சாலையில் நின்றவன் அவன். வீட்டுக்கு வந்து என் கடிதத்தைப் படித்துவிட்டு அவன் சொன்ன முதல் வார்த்தை:

"பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு இவ்ளோ தூரத்துல சீட்டு?"

"அப்ப எவ்ளோ தூரத்துல வேணும்னு மரத்த வெட்டினீங்க?" என்று கேட்டேன். அம்மா என் வாயில் அடித்தாள். வலிக்கிற மாதிரி அடிக்கவில்லை.

அண்ணன் படித்த பாடம்

அந்த மரத்தைப் பற்றி ஒரு கிளைக்கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் இயற்பியலுக்குப் போக முடியாது.

இரண்டு நாள் முன்னால் அண்ணனையும் அவன் சிநேகிதன் பலராமனையும் போலீஸ் கூப்பிட்டுவிட்டிருந்தது. போவதற்கு முன்னால் இருவரும் என்னிடம் வந்தார்கள். "தனித்தனியா கேப்பாங்களாம் பாப்பா. நீ படிச்சவ. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றாப்ல எதுனா எழுதிக் குடு" என்றான் அண்ணன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் படிப்பு அவனுக்கு உபயோகப்பட்டது.

எழுதிக் கொடுத்தேன். மூன்று கேள்விதான் வரும் என்று ஊரில் ஏற்கெனவே போய்வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். சாலைப் பக்கம் போனாயா? ஆமாம். கையில் கோடாலி இருந்ததா? இல்லை. மரம் விழுந்ததைப் பார்த்தாயா? இல்லை. இருவரும் களத்துமேட்டில் உட்கார்ந்து "ஆமாம், இல்ல, இல்ல" என்று வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டார்கள்.

அந்தச் சப்-இன்ஸ்பெக்டர் கேள்வியை வரிசை மாற்றிக் கேட்டுவிட்டார். முதலிலேயே "மரம் வுழுந்ததப் பாத்தியா?" என்றார். அண்ணன் கம்பீரமாக "ஆமாங்க" என்றான். "சாலைக்குப் போனியா?" "இல்லீங்க." சாலைக்குப் போகாமலே மரம் விழுந்ததைப் பார்த்த ஞானி!

அடுத்த அறையில் பலராமனும் இதே வரிசையில் இதே பதிலைச் சொல்லியிருக்கிறான். "ரெண்டு பேருக்கும் ஒரே வாத்தியாரா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, லாக்கப்பில் நிற்கக்கூட இடமில்லாததால் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் சப்-இன்ஸ்பெக்டர். அந்த வாத்தியார் நான்தான் என்பதை இத்தனை வருஷம் கழித்து இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

துகள்களைக் கூப்பிட்டு விசாரித்தால்

இப்போது பெங்களூரில் எனக்குக் கிடைத்த வேலைக்கு வருகிறேன்.

கல்லூரியில் எங்களுக்கு ஒளியியல் எடுத்தவர் பிலோமினா மிஸ். அவர் ஒரு நாள் பழைய அறிவியல் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் போட்டார். "படிச்சுப் பாரு. ராத்திரி தூக்கம் வராது. நான் பொறுப்பில்ல" என்றார். தூக்கம் வரவில்லை.

விஷயம் இதுதான். ஓர் அணுவிலிருந்து இரண்டு ஒளித்துகள்களை ஒன்றாகப் பிறக்க வைக்கலாம். ஒன்று கிழக்கே பறக்கும், மற்றொன்று மேற்கே. வழியில் ஒரு வடிகட்டி வைத்தால், துகள் அதில் நுழைந்து போகும் அல்லது தடுக்கப்படும். ஆமாம், இல்லை, இரண்டே பதில். வடிகட்டியை மூன்று கோணத்தில் திருப்பி வைக்கலாம். ஆக மூன்று கேள்வி. இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் வைத்துக் கேட்டால், இரட்டைத் துகள்கள் இரண்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொல்கின்றன. எவ்வளவு தூரம் பிரிந்திருந்தாலும் சரி. இதற்குப் பெயர் குவாண்டம் பின்னல்.

"இதில் என்ன அதிசயம்? பிறக்கும்போதே பேசிவைத்துக்கொண்டு கிளம்பியிருக்கும்" என்றது ஒரு கட்சி. உலகமே கொண்டாடிய ஒரு பெரியவர் அந்தக் கட்சி. நம் பூப்பொட்டலம் மாதிரிதான். ஒன்றில் சிவப்பு என்றால் மற்றதில் வெள்ளை. கட்டும்போதே முடிந்துபோன சங்கதி, பிரிக்கும்போது நமக்குத் தெரிகிறது. அவ்வளவுதான்.

இன்னொரு கட்சி, "இல்லை, பிரிக்கிறவரை அதற்குள் நிறமே கிடையாது" என்றது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்பது போலத்தான் எனக்கும் இருந்தது. இரண்டு கட்சியும் வருஷக்கணக்காகச் சண்டை போட்டார்கள். யாருக்கும் ஜெயிக்க வழி தெரியவில்லை.

அப்புறம் அயர்லாந்துக்காரர் ஒருவர் வந்தார். எங்கள் சப்-இன்ஸ்பெக்டரின் புத்தி அவருக்கு. "இரண்டு பக்கமும் ஒரே கேள்வியைக் கேட்காதே. வேறு வேறு கேள்வியைக் கேள்" என்றார்.

அண்ணனையும் பலராமனையும் வைத்தே சொல்கிறேன். இருவரும் பாடத்தை வரிசை மாறாமல் ஒழுங்காகப் படித்தார்கள் என்று ஒரு நிமிஷம் கற்பனை செய்துகொள்ளுங்கள். கஷ்டம்தான். கையில் மூன்று பதில் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஆமாம் அல்லது இல்லை. மூன்று பதிலில் ஏதாவது இரண்டு ஒன்றுபோலத்தான் இருந்தாக வேண்டும், வேறு வழியே கிடையாது. அப்படியென்றால் ஒருவனிடம் ஒரு கேள்வியும் மற்றவனிடம் வேறொரு கேள்வியும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே போனால், மூன்று தடவைக்கு ஒரு தடவையாவது இருவர் பதிலும் ஒத்துப்போகும். பாடத்தை எழுதிக் கொடுத்தது நானாக இருந்தாலும் சரி, அந்த ஆண்டவனே எழுதிக் கொடுத்தாலும் சரி, அதற்குக் கீழே இறங்காது.

துகள்களைக் கேட்டால்? நாலு தடவைக்கு ஒரு தடவைதான் ஒத்துப்போகிறது.

அவ்வளவுதான். மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று. அந்தச் சின்ன வித்தியாசத்தில் பேசிவைத்துக்கொண்ட கதை அடிபட்டுப் போனது. பிரான்ஸில் ஒரு கூட்டம் இதைச் செய்தே காட்டியது. வழியில் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிவிடக் கூடாதே என்று, துகள்கள் பறந்துகொண்டிருக்கும்போதே கேள்வியை மாற்றினார்கள். அவர்கள் செய்த கணக்கு நான் சொன்னதைவிடச் சிக்கலானது. சாரம் இதுதான். துகள்கள் கையில் எழுதிக் கொடுத்த பாடம் எதுவும் இல்லை.

நான் அதைப் படித்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். உலகத்தில் எல்லாம் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டிருக்கவில்லை என்பது, எங்கள் மாதிரி வீட்டில் பிறந்த ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய செய்தி தெரியுமா? பெங்களூரில் எனக்குக் காத்திருந்தது, அந்த மாதிரி இரட்டைத் துகள்களைப் பிறக்க வைக்கிற ஒரு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி.

யார் கையால் கட்டுவது

வெள்ளிக்கிழமை வீட்டில் பஞ்சாயத்து கூடியது. அம்மாவின் அண்ணன் வேணு மாமா மரங்களைத் தாண்டி வந்து உட்கார்ந்தார். தாமோதரன் சின்னசேலத்தில் உரக்கடை வைத்திருந்தான். நல்ல பையன். அவனுக்கு என்மேல் எந்த ஆசையும் இருக்கவில்லை என்று பின்னாளில் என்னிடமே சொன்னான். அவனையும் யாரும் கேட்கவில்லை.

"போவட்டும்னும் சொல்ல முடியல, வேணாம்னும் சொல்ல முடியல" என்றார் அப்பா.

"அப்ப சாமியக் கேட்டுடு மாப்ள" என்றார் மாமா.

எங்கள் வகையறாவில் பெண் சம்பந்தப்பட்ட கேள்வி என்றால் பொட்டலம் கட்டுவது தாய்மாமன். அவர்தான் கட்ட வேண்டும், வேறு யார் கையும் படக்கூடாது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் போகாவிட்டால் யாருக்கு மருமகள் வருகிறாளோ, அவரேதான் பூவைக் கட்டுவார். பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

சனிக்கிழமை விடியற்காலையில் டிராக்டரில் கிளம்பினோம். அப்பா, மாமா, நான். ஓட்டியது அண்ணன். சாலையில் போக வழியில்லாமல் வயல் வரப்பு, ஏரிக்கரை என்று சுற்றிப் போனான். நாலு இடத்தில் அவனே இறங்கி, அவனே வீழ்த்திய மரத்தின் கிளைகளை அவனே கழித்து வழி பண்ணினான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்தது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

டிராக்டரில் என் தகரப்பெட்டியும் இருந்தது. அம்மா ஏற்றிவிட்டிருந்தாள். "வெள்ள வந்துட்டா, மலைக்கு அந்தாண்ட எறங்கி சேலத்துல ரயிலு ஏறணும். திரும்ப வூட்டுக்கு வந்து போறதுக்கு நேரம் பத்தாது" என்று பொதுவாக யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வழியில் மாமாவுக்கு என்மேல் திடீர்ப் பிரியம். "அங்க போயி இன்னாதான்மா படிக்கப் போற?" என்று கேட்டார்.

நானும் ஏமாளி மாதிரி சந்தோஷமாகச் சொன்னேன். இரட்டைத் துகள், இரண்டு திசை, பூப்பொட்டலம், எல்லாம். டிராக்டர் சத்தத்தில் கத்திக் கத்திச் சொன்னேன்.

"ஒண்ணத் தொறந்து பாத்தா, அந்தாண்ட இருக்கறதும் அதே மாதிரி ஆயிடுமா?" என்றார்.

"அப்படின்னு வெச்சிக்கலாம் மாமா. ஆனா அது பூவுக்கு இல்ல, துகளுக்கு..."

"ம்ம்" என்று தலையாட்டிக்கொண்டார். பாதிப் பாடத்தில் எழுந்து போகிற மாணவர்கள் எத்தனையோ பேரை அப்புறம் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோருக்கும் இவர்தான் மூத்தவர்.

கச்சிராயபாளையத்தில் டிராக்டரை நிறுத்திவிட்டு, மறியல் எட்டாத மலைப்பாதையில் ஜீப்பில் ஏறினோம். பெட்டியை அண்ணன் தூக்கி ஜீப்பில் வைத்தான். கோயிலில் மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, வாழைநாரால் இரண்டு பொட்டலம் கட்டினார். பூசாரி கல்லின் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

அப்புறம்தான் அந்தச் செவ்வரளி.

பிரித்தால் என்ன?

மாமாவின் மணிக்கட்டைப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

"வுடு கழுத, கைய!"

"அதப் பிரிங்க மாமா. உள்ள வெள்ள இருக்குதான்னு பாக்கணும்."

"இதுல செவப்புன்னா அதுல வெள்ளதான் இருக்கும். இதுகூடவா படிச்ச புள்ளைக்குத் தெரியல?"

"இருக்கும்னு சொல்றது வேற, இருக்குதான்னு பாக்கறது வேற. அதுக்குத்தான் மாமா நான் பெங்களூருக்குப் போறேன்."

"சாமி குத்தம் ஆயிடும்! நம்ப வகையறாவுல ரெண்டாவது பொட்டலத்த எவனும் பிரிச்சதில்ல."

பூசாரி வெற்றிலை மடித்துக்கொண்டே எங்களைப் பார்த்தார். மலைக்காரர். அதுவரை அவர் கணக்கிலேயே இல்லை.

"எங்க மலையில ரெண்டையும் தொறந்துதான் பாப்போம்" என்றார். "ஒண்ண மட்டும் தொறந்தா அது இன்னா கேள்வி? நீங்க கீழ்நாட்டாருங்கதான் ஒண்ணப் பாத்துட்டு இன்னொண்ணத் தண்ணில வுட்டுட்டு எறங்கிப் போயிடறீங்க. சரி, உங்க வழக்கம் அதுன்னு நான் கம்முனு இருந்தேன்."

எத்தனை தலைமுறை! எத்தனை கல்யாணம், எத்தனை நிலம் விற்றது, எத்தனை பேர் ஊரைவிட்டுப் போகாமல் நின்றது! ஒரு பயல் இரண்டாவது பொட்டலத்தைப் பார்க்கவில்லை.

மாமாவின் பிடி தளர்ந்தது. பொட்டலத்தைப் பிடுங்கினேன். நார் நனைந்து இறுகியிருந்தது. பல்லால் கடித்து அறுத்தேன்.

செவ்வரளி.

அண்ணன் வாயைப் பிளந்தபடி நின்றான். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் வெள்ளையாத்தான் கட்டினேன்" என்றார்.

"அப்ப இது?"

"நீதானம்மா வர்ற வழியில சொன்ன? ஒண்ணத் தொறந்து பாத்தா அந்தாண்ட இருக்கறதும் அதே மாதிரி ஆயிடும்னு? அவரு அங்க செவப்பத் தொறந்தாரு. இது இங்க செவப்பாயிடுச்சி. சயின்ஸு!"

பிற்காலத்தில் நான் கல்லூரி ஆசிரியராகி எத்தனையோ வருஷம் பாடம் நடத்தினேன். கல் மோதிரம் விற்கிறவர்களும், தொலைவிலிருந்தே வியாதியை விரட்டுகிறவர்களும் குவாண்டத்தைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் வேணு மாமாவின் வேகத்துக்கு வரவில்லை. காலையில் பாடம், மத்தியானம் பித்தலாட்டம்.

"சரி மாமா" என்றேன். "சயின்ஸுன்னா ஒரு வாட்டி நடந்தாப் போதாது. பத்து வாட்டி செஞ்சி பாப்போம். ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்புன்னு எல்லாருக்கும் காட்டிட்டுக் கட்டணும். பூசாரி எடுக்கட்டும். பத்துல ஒரு வாட்டி வெள்ள செவப்பா மாறிச்சின்னாக்கூட, நான் பெங்களூருக்குப் போவல. நாளைக்கே தாமோதரனக் கட்டிக்கறேன். ஆனா கட்டறது நீங்க இல்ல."

திரும்பினேன். "அப்பா, நீங்க கட்டுங்க."

அப்பா அசையவில்லை.

"அப்பா, பூவ எடுத்துக் கட்டுங்க. உங்கள நான் நம்பறேன்."

அவர் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா அவரைப் பார்த்தார். அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில், "மாப்ள, நீயே சொல்லிடு. என்னால இதுக்கு மேல பொய் சொல்ல முடியல" என்றார்.

"நான்தான் ரெண்டும் செவப்பா கட்டச் சொன்னேன்" என்றார் அப்பா. "மச்சான் மேல தப்பு இல்ல."

எனக்கு முதலில் அது காதில் விழவே இல்லை. மாமாவைப் பிடிக்கத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அப்பாவை நான் சந்தேகப்பட்டியலிலேயே வைக்கவில்லை. எனக்குப் புத்தகம் வாங்க எருமைக்கன்றை விற்றவர். விடுதிக்கு மாதாமாதம் சைக்கிளில் முறுக்கு கொண்டுவந்து கொடுத்தவர். ஒளித்துகள்கள் முன்கூட்டிப் பேசிக்கொள்வதில்லை என்று பிரான்ஸில் நிரூபித்துவிட்டார்கள். என் வீட்டில் பேசிவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஏன்பா?" என்றேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதேன்.

"போவாதன்னு என் வாயால சொல்ல வரல" என்றார். "நீ வெளக்குல கண்ணு எரிய எரிய படிச்சதப் பாத்தவன் நான். எப்படிச் சொல்லுவேன்? சாமி சொல்லிட்டா நீ எம்மேல கோவிச்சிக்க மாட்டன்னு நெனச்சேன்."

"அனுப்பவும் மனசு இல்லியா?"

"பயமா இருக்குதும்மா. ரோடெல்லாம் இப்படிக் கெடக்குது. பாஷ தெரியாத ஊரு. அங்க உனக்கு ஒண்ணு ஆச்சின்னா, நான் இங்கருந்து இன்னா பண்ணுவேன்? பஸ்ஸு ஏறி வர்றதுக்குக்கூட எனக்கு வழி தெரியாது."

கோபம் வந்தது, சாதாரணக் கோபம் இல்லை. ஊரார் ஏமாற்றினால் திட்டலாம். சாமி ஏமாற்றினால் கற்பூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பிரியத்தால் ஏமாற்றுகிறவரை என்ன செய்வது? அந்த நிமிஷத்தில் அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அந்த இரண்டு செவ்வரளியையும் அவர் மூஞ்சியில் விட்டெறியவும் தோன்றியது. பூக்களைக் கையிலேயே கசக்கிக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"சாமி வேணாம்பா. மாமா வேணாம். நீங்க சொல்லுங்க. 'கோமதி, நீ போவாத'ன்னு உங்க வாயால ஒரே ஒரு வாட்டி சொல்லிடுங்க. பெட்டியத் தூக்கிக்கினு வூட்டுக்கு வந்துடறேன். சத்தியமா. அப்புறம் அதப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன்."

வீம்புக்குச் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் திரும்பிப் போயிருப்பேன். அந்த வயதில், அந்தக் காலத்தில், அவ்வளவுதான் எனக்குத் தைரியம். சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்தேன். நானே என் வாயால் கெட்டேனோ என்று நினைத்தேன்.

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். மாமா "சொல்லு மாப்ள" என்று முணுமுணுத்தார். அண்ணன் மெதுவாகப் போய் என் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். அதை அவன் ஊருக்குத் திருப்பித் தூக்கப்போகிறானா, ரயிலுக்குத் தூக்கப்போகிறானா என்று அவனுக்கே தெரியாது.

மழை கொஞ்சம் வலுத்தது. அப்பா தலையிலிருந்த துண்டை எடுத்து உதறினார். பூசாரி பக்கம் திரும்பி, "சாமி, சோறு எதுனா இருக்குதுங்களா?" என்று கேட்டார். "சாம அரிசிச் சோறு இருக்குது, மொச்சக்கொட்டக் கொழம்பு இருக்குது" என்றார் பூசாரி.

அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"சாப்ட்டுட்டுப் போ. சேலம் வரைக்கும் நடக்கணும்."